பெரும்புள்ளியின் எட்டு நாள்

திருவனந்தபுரத்தில் சூரியனுக்கு ஆஜர் பட்டியல் வைத்திருந்த மனிதர் ஒருவர்தான். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு கிழக்கு வராந்தாவுக்கு வந்த பிறகுதான் சூரியனே ஒழுங்காக நின்றது என்று எங்கள் ஆபீஸில் பேச்சு. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையில் வானம் மூடிக்கொண்டால் அந்தத் தேதிக்கு நேரே 'லீவு' என்று எழுதுவார். மழைக்காலத்தில் சூரியன் எடுத்த அளவுக்கு லீவு எந்த சர்க்கார் குமாஸ்தாவும் எடுத்ததில்லை. மெமோ கொடுக்க வழியில்லாததால் தப்பித்தது.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் கூப்பிட்டது 'பெரும்புள்ளி' என்று. ஆபீஸிலேயே ஆகக் கீழான படியில் இருந்த ஒரு டிரேசருக்கு அந்தப் பெயர் வைத்ததில் எங்களுக்கு ஒரு குரூர சந்தோஷம். டிரேசர் என்றால், இஞ்சினீயர் போட்ட வரைபடத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து அதே கோட்டை அப்படியே மையில் இழுப்பவர். சொந்தமாக ஒரு கோடு இழுத்தால் குற்றம். நானும் டிரேசர்தான். அடுத்த மேஜை.

அவர் நாஞ்சில் நாட்டுக்காரர், நான் திருநெல்வேலி. இரண்டு பேரும் வலியசாலையில் அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்கு இருந்தோம். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

விஷயம் தொடங்கியது 1947-இல். திருவிதாங்கூர் தனியாக நிற்குமா, இந்தியாவோடு சேருமா என்று ஊரே தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த வருஷம். ஒரு சாயங்காலம் சங்குமுகம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். கடல் மேல் புகை மூட்டம். சூரியன் ஒளி மங்கி, சுட்ட அப்பளம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"வே, அதுல ஒரு கருகல் இருக்கு, பாத்தேரா?" என்றார்.

பார்த்தேன். இருந்தது. அப்பளத்தில் கருகல் இருப்பது சகஜம் என்று எழுந்து வந்துவிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். கருகல் நகர்கிறது என்று கண்டுகொண்டார். அதோடு அந்த மனிதர் எங்கள் கையை விட்டுப் போய்விட்டார்.

சாலைக் கடைவீதியில் பழைய இரும்பு விற்கிறவனிடம், உடைந்த சர்வே கருவி ஒன்றின், லென்ஸ் மட்டும் உடையாத பித்தளைக் குழாயை வாங்கி வந்தார். அதை வராந்தாக் கைப்பிடியில் ஒரு மரக்கட்டையோடு சேர்த்துக் கட்டி, சூரியனுக்கு நேரே திருப்பி, கீழ்முனையில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தார். அட்டையில் சூரியன் வட்டமாக விழுந்தது. "குழாய்க்குள்ள கண்ணை வச்சிராதேயும், கண்ணு போயிரும். அட்டையில மட்டும் பாரும்" என்று ஆபீஸில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னார். யாருக்கும் அந்தக் குழாயின் பக்கமே போகிற உத்தேசமில்லை.

தினமும் காலை பத்தரை மணிக்கு, பத்து நிமிஷம். நோட்டில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் அன்றைய புள்ளிகள், கீழே தேதி. ஒரு புள்ளி ஓரத்தில் மெலிசாக, பக்கவாட்டில் பார்த்த காசு மாதிரி எட்டிப் பார்க்கும். முதல் நாட்களில் நகர்வதே தெரியாது. நடுவுக்கு வர வர உருண்டையாகி வேகம் பிடிக்கும். பதின்மூன்று, பதினாலு நாளில் மறு ஓரத்தில் திரும்பவும் சப்பையாகி மறையும். புள்ளி நடக்கவில்லை, சூரியன்தான் தன்னைத்தானே சுற்றுகிறது, புள்ளி அதன் முதுகில் சவாரி போகிறது என்று விளக்குவார். அந்த வருஷத்துப் பெரிய புள்ளி, பின்பக்கம் போனதும் "இன்ன நாள் திரும்ப வரும் பாரும்" என்று சொன்னார். வந்தது. செக்ஷன் முழுக்க வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தார். ஏதோ வெளியூர் போன மாமா சொன்ன தேதியில் திரும்பி வந்த மாதிரி ஒரு பூரிப்பு.

இதனால் அவர் கல்யாணம் கெட்டது. கரமனையில் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்குப் பழக்கவழக்கம் ஒண்ணும் உண்டுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணு உண்டு. காலையில பத்தரை மணிக்கு" என்றார் பெரும்புள்ளி.

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

"அதிகம் இல்லை, பத்து நிமிஷம்தான். ஆனா ஒரு நாள் விட்டாலும் மனசு ஒரு நிலையில நிக்காது. ஆபீஸ்லயே வச்சிப்பேன். வீட்டுல யாருக்கும் தொந்தரவு வராது."

பஜ்ஜி வருவதாக இருந்தது, வரவில்லை. வெளியே வந்ததும், "நல்ல குடும்பம், என்ன வே, ஏன் முகம் மாறிட்டு?" என்று என்னைக் கேட்டார். நான் அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். திரும்பிப் போய் அந்தப் பெரியவரிடமும் சொல்லியிருக்கலாம். அதைவிட, மறுநாள் ஆபீஸில் நடித்துக் காட்டுவது எனக்கு முக்கியமாக இருந்தது. நன்றாகவே நடித்தேன். செக்ஷன் குலுங்கியது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

மூன்று நான்கு வருஷ நோட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவருக்கு இன்னொன்று பிடிபட்டது. சூரியனின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளி சுமார் இருபத்தேழு நாளில் சுற்றி வந்துவிடுகிறது. மேலே, கீழே தள்ளி இருக்கும் புள்ளி ஒரு நாள், ஒன்றரை நாள் பிந்தி வருகிறது. இதைக் கண்ட அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கடையில், பரிமாற வந்தவர் கையிலிருந்த ரசவாளியை நிறுத்தினார்.

"கரண்டியைத் தாரும். இப்ப சுத்துதேன். ரெண்டு கறிவேப்பிலையைப் பாரும். ஒண்ணு முந்துதா, ஒண்ணு பிந்துதா? கட்டியான சாமானா இருந்தா எல்லா இடமும் ஒண்ணாச் சுத்தும். மேல இருக்கிற ஃபேன் மாதிரி. சூரியன் கட்டி இல்ல வே. குழம்பு."

"சாரே, பின்னால ஆளுக இருக்கு" என்றார் பரிமாறுகிறவர்.

"இருக்கட்டும். அவங்களுக்கும் இது தெரியணும்லா."

தெரிந்தது. அன்று எங்கள் வரிசைக்கு மட்டும் ரசம் ஆறிப்போய் வந்தது.

காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த ஒருவரிடம் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் புரட்டிப் பார்த்து, இதெல்லாம் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தியே வெளிநாட்டில் ஒருவர் கண்டு எழுதிவிட்டார், எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் எல்லோரும் அவர் முகம் தொங்கும் என்று காத்துக்கொண்டிருந்தோம். மனிதர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"அப்போ நான் போட்டது சரி வே. கடல் தாண்டி ஒருத்தன் பாத்ததும் சாலைக்கடைக் குழாயில நான் பாத்ததும் ஒண்ணா இருக்கு. தப்பு வரலை."

அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய முடியும்?

பிறகு பப்ளிக் லைப்ரரியிலிருந்து ஒரு தடித்த புத்தகம் எடுத்து, அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தார். புள்ளிகள் சுமார் பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை பெருகும், பிறகு குறைந்து ஓயும், மறுபடி தொடங்கும்போது நடுக்கோட்டை விட்டு வெகுதூரம் தள்ளித்தான் முதல் புள்ளி முளைக்கும் என்று அதில் இருந்தது. அதற்கேற்ற மாதிரி வருஷத்துக்கு வருஷம் புள்ளி குறைந்துகொண்டே வந்தது. 1954 பிறந்தபோது வாரக்கணக்கில் வெறும் வட்டம். வட்டத்துக்குக் கீழே 'சுத்தம்' என்று எழுதுவார். அடுத்த பக்கம், சுத்தம். அதற்கடுத்ததும் சுத்தம்.

"பெரும்புள்ளி, கடை அடைச்சாச்சா?" என்று கேட்போம்.

"புதுச் சரக்கு வரும் வே. தள்ளி, ஓரமா வரும். முதல்ல யார் கண்ணுல படுதோ தெரியாது" என்பார்.

தை மாதத்தில் ஒரு நாள் தந்தி வந்தது. நாகர்கோவிலில் அவர் தங்கையின் புருஷன் இறந்துவிட்டார். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் குழாயையும் நோட்டையும் என் மேஜையில் வைத்தார்.

"ஏழு வருஷத்துல மேகம் மறைச்ச நாள் தவிர ஒரு நாளும் விடலை. உம்மை நம்பி விட்டுட்டுப் போறேன். பத்து நிமிஷம்தான்."

முதல் இரண்டு நாள் ஒழுங்காகப் பார்த்தேன். வெறும் வட்டம். 'சுத்தம்' என்று எழுதினேன். மூன்றாம் நாள் குழாயைக் கட்டச் சோம்பலாக இருந்தது. பார்க்காமலே 'சுத்தம்' என்று எழுதியிருந்தால்கூட இந்தக் கதை இல்லை. எனக்குச் செக்ஷனைச் சிரிக்க வைக்கிற வியாதி இருந்தது. பிற்பாடு அதுவே பிழைப்பாகி, இப்படிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று மூன்றாம் நாள் வட்டத்தில், நடுக்கோட்டுக்கு வெகுதூரம் தள்ளி, ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். பக்கவாட்டில் பார்த்த காசு மாதிரி, சப்பையாக. எல்லோருக்கும் காட்டினேன். சிரித்தார்கள். மறுநாள் கொஞ்சம் நகர்த்தினேன். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஏழு வருஷம் காதில் விழுந்துகொண்டே இருந்ததில், சூரியன் எப்படிச் சுற்றும் என்று என் கைக்கு அத்துப்படி. லீவின் கடைசி நாள், புள்ளிக்கு எட்டாவது நாள், அதைத் துளியூண்டாக்கி மங்க வைத்தேன். ஆள் திரும்பி வந்து தேடினால் இல்லாமல் போகக் காரணம் வேண்டுமே.

அவர் திரும்பி வந்தார். பத்து நாள் தாடி. தங்கைக்கு முப்பது வயதுதான். வழக்கம்போல நோட்டைத் திறந்தார். செக்ஷனில் பதினோரு பேரும் பேனாவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.

பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். திரும்ப முதலிலிருந்து புரட்டினார். என் மேஜைக்கு வந்து என் தோளில் கையை வைத்தார்.

"ஓரத்துல சப்பையாப் போட்டிருக்கேரே. நல்ல கண்ணு வே உமக்கு."

அந்தப் பத்து நாளில் அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். மறுநாள் அவர் இன்னும் சந்தோஷமாக இருந்தார்.

புதுச் சுற்றின் முதல் புள்ளி திருவனந்தபுரத்தில் கிடைத்துவிட்டது என்பது அவர் முடிவு. அந்த எட்டு நாளையும் தன் கையால் மெழுகுத் துணியில் நகல் எடுத்தார். அதோடு ஏழு வருஷ நோட்டுகளையும் கட்டி, சூரியனையே ஆராய்வதற்கென்று இருந்த ஒரு நிலையத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். வீட்டு விலாசம் கொடுத்தால் மதிக்க மாட்டார்களோ என்று ஆபீஸ் விலாசம் கொடுத்தார். பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில் எந்த ஒரு நாளிலும் நான் சொல்லியிருக்கலாம்.

ஆபீஸ் விலாசம் என்பதால் கடிதம் எங்கள் மேலதிகாரியான மலையாளி சூப்ரண்டின் மேஜைக்குப் போனது. அவர் பெரும்புள்ளியைக் கூப்பிட்டு நிறுத்தி, செக்ஷன் கேட்க வாசித்தார். மரியாதையான கடிதம். படங்கள் கவனமாகப் போடப்பட்டிருக்கின்றன. ஆனால் இந்த எட்டு நாளில் குறித்திருக்கும் புள்ளியை வேறு எங்கும் எவரும் காணவில்லை. சூரியன் அந்த நாட்களில் வெறுமையாக இருந்தது. இல்லாத ஒன்று சேர்க்கப்பட்டிருப்பதால் மற்ற வருஷத்துப் பதிவுகளையும் ஏற்றுக்கொள்ள வழியில்லை. நோட்டுகள் தனியே திருப்பி அனுப்பப்படுகின்றன.

"ஆபீஸின்டெ பேரு வச்சு கள்ளம் எழுதி அனுப்புறதா?" சூப்ரண்டு கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் புள்ளி நீ கண்டதோ இல்லையோ? அது பறயணும்."

பெரும்புள்ளி அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கித் தேதிகளைப் படித்தார். எட்டுத் தேதியையும் படித்தார். அந்த நாட்களில் அவர் நாகர்கோவிலில் இழவு வீட்டில் இருந்தார் என்பது லீவு ரிஜிஸ்தரில் இருக்கிறது. சூப்ரண்டு அதைப் புரட்டவில்லை. செக்ஷனில் பதினோரு பேருக்கும் தெரியும். பதினோரு பேரும் தங்கள் தங்கள் மேஜையில் விரித்திருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான்தான் போட்டேன் சார்" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த மாதம் ஹெட் டிரேசர் வேலைக்கு என் பெயர் மேலே போயிருந்தது அவருக்குத் தெரியும். எனக்கும் நன்றாகத் தெரியும்.

மெமோ வந்தது. குழாயைக் கழற்றச் சொன்னார்கள். அவரை ரிக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து, திரும்பி வந்த நோட்டுகளோடு அவர் தன் அறையில் உட்கார்ந்திருந்தபோது போனேன். "என் பேரைச் சொல்லியிருக்கலாமே வே" என்றேன்.

"அனுப்பினது நான். கையெழுத்து என்னுது. அதை விடும்." பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். "நீரு பாத்தேரா இல்லையா, அதை மட்டும் சொல்லும்."

"இல்லை."

"பத்து நாளுமா?"

"முதல் ரெண்டு நாள் பாத்தேன்."

"அன்னைக்கு என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்லை. சுத்தம்."

"அப்போ ரெண்டு நாள் இருக்கு." அந்த இரண்டு பக்கத்தையும் ஒதுக்கி வைத்தார். மற்ற எட்டுப் பக்கத்திலும் என் புள்ளியின் மேல் ஒரு கோடு அடித்து, 'பார்க்கவில்லை' என்று ஒவ்வொன்றாக எழுதினார். எட்டு முறை. நான் நின்றுகொண்டே இருந்தேன். எழுதி முடித்ததும் சொன்னார். "பாக்கலைன்னு நீரே எழுதியிருக்கலாம் வே. ஒரு சொல்லுதானே."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசி, சண்டை போட்டு, ஒரு மாதத்தில் மறந்திருப்பேன்.

அடுத்த இரண்டு வருஷத்தில் சூரியன் அவர் சொன்னபடியே செய்தது. புள்ளிகள் தள்ளி முளைத்தன, பெருகின. 1956-இல் எந்தக் காலத்திலும் இல்லாத மாதிரி கொத்துக் கொத்தாக வருகிறது என்று பேப்பரில்கூடப் போட்டார்கள். நான் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு ரிக்கார்டு ரூமுக்குப் போனேன்.

"வாரும், சங்குமுகத்துக்குப் போவோம். சாயங்கால சூரியனிலேயே தெரியுதாம்."

படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் வே. பாத்தா எழுதணும்னு தோணும். எழுதினா யாரு நம்புவா?"

அந்த வருஷக் கடைசியில் மாநிலத்தைப் பிரித்தார்கள். நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு போயிற்று. தங்கை தனியாக இருக்கிறாள் என்று அவர் நாகர்கோவிலுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். நான் திருவனந்தபுரத்திலேயே இருந்துகொண்டேன்.

சாமான் கட்ட அந்தத் தங்கை வந்திருந்தாள். தம்பானூரில் பஸ் ஏறும் இடத்தில் மூவரும் நின்றோம். அவர் வழிக்குப் பழம் வாங்க எதிர்க்கடைக்குப் போனார். அந்தப் பெண் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு என்னிடம் பேசினாள்.

"அண்ணன் போடுத லெட்டர்ல உங்க பேரு இல்லாம இருக்காது. எங்க வீட்டுல துக்கம் நடந்தப்பகூட, எனக்குப் பதிலா ஒருத்தர் அங்க பாத்துக்கிடுதாருன்னு நிம்மதியா இருந்தான். எல்லாரும் கேலி செய்யுத இடத்துல அவனுக்கு ஒருத்தராவது இருந்தியளே, அது போதும்."

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் பழத்தோடு வந்துவிட்டார். ஒரு சீப்பை அவளிடம் கொடுத்துவிட்டு இன்னொரு சீப்பை என் கையில் வைத்தார்.

"நேரத்துக்குச் சாப்பிடும் வே" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியபோது இரண்டு பேரும் கையை ஆட்டினார்கள்.

எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தும், எனக்குச் சிநேகிதர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர்தான் வாய்த்தார். அன்று அந்தப் பஸ்ஸில் போனவர்.